ட்ரம் கோர் நிகழ்ச்சியின் கருப்பொருள் பார்வையாளருக்குப் புரிந்தாக வேண்டுமா? உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

இண்டியானாவிலிருந்து ஓர் உறுப்பினர்:

ட்ரம் கோர் என்னும் அணிவகுப்பு இசைக்குழுக்களின் நிகழ்ச்சியைக் காண முதன்முறையாக என்னோடு வரும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "இதில் கதை என்ன?" என்பதுதான். கதை தெரியாமல் உட்கார்ந்தால் ஒன்றும் விளங்காமல் போய்விடுமோ என்ற தயக்கம் அவர்கள் முகத்திலேயே தெரியும். பல கோடைகளாக இந்நிகழ்ச்சிகளைப் பார்த்துவரும் நான், அந்தத் தயக்கத்துக்குத் தேவையே இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். கருப்பொருளை முன்கூட்டியே அறிந்துகொண்டு வரவேண்டிய கடமை பார்வையாளருக்குக் கிடையாது. மைதானத்தில் நடப்பவை ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கின்றன என்பதை அவர் தாமாகவே உணரும்படி செய்யவேண்டிய கடமை நிகழ்ச்சியை அமைப்பவர்களுக்கே உரியது.

இதைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறு விளக்கம் தருகிறேன். பித்தளை ஊதுகருவிகள், தாளக்கருவிகள், கொடியும் வாளும் மரத்துப்பாக்கியும் சுழற்றி ஆடும் கலர் கார்ட் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு கோர். ஆடுபவர்கள் எல்லோரும் ஏறத்தாழ 21 வயதுக்கு உட்பட்ட இளைஞர்கள். அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுவதையும் மேடையாக்கிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு வாசித்தபடியே நகர்ந்துகொண்டிருப்பார்கள். டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பு 1972-இல் தன் முதல் வாகையர் போட்டியை விஸ்கான்சினில் நடத்தியது. 2009-இலிருந்து இறுதிப்போட்டிகளின் இருப்பிடம் இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் அரங்கம். நிகழ்ச்சிக்குப் பெயரும் கருப்பொருளும் வைப்பது இன்று அனைவரும் பின்பற்றும் வழக்கமாகிவிட்டது. அறிவிப்பாளர் பெயரை வாசிப்பார். அதற்கு மேல் அரங்கில் பார்வையாளருக்குப் பெரும்பாலும் யாரும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை.

2008-ஆம் ஆண்டின் இறுதிப்போட்டி ப்ளூமிங்டன் நகரிலுள்ள இண்டியானா பல்கலைக்கழக மைதானத்தில் நடந்தது. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டைச் சேர்ந்த ஃபேன்டம் ரெஜிமென்ட் அந்த ஆண்டு 'ஸ்பார்ட்டகஸ்' என்ற நிகழ்ச்சியைக் கொண்டுவந்திருந்தது. ரோமானியர்களை எதிர்த்து எழுந்த அடிமைகளின் கதை அது. நிகழ்ச்சியின் ஒரு கட்டத்தில் அணியினர் ஒருவர்பின் ஒருவராக "நான்தான் ஸ்பார்ட்டகஸ்" என்று முழங்குவார்கள். அந்தக் கோடை முழுவதும் ஊர் ஊராகப் பார்வையாளர்களும் அவர்களோடு சேர்ந்து முழங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று எனக்கு அடுத்த இருக்கையில், பேரனைப் பார்க்க வந்திருந்த ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். அவருடைய பேரன் வேறோர் அணியில் ட்ரம்பெட் வாசிப்பவன். அந்தக் கட்டம் வந்தபோது அந்த அம்மையார் எழுந்து நின்று, கையிலிருந்த நிகழ்ச்சிநிரலைச் சுருட்டி உயர்த்தி, தொண்டை கட்டும் அளவுக்கு "நான்தான் ஸ்பார்ட்டகஸ்" என்று கத்தினார். கைதட்டல் அடங்கி எல்லோரும் உட்கார்ந்த பிறகு என் பக்கம் சாய்ந்து, "ஆமாம், யார் அந்த ஸ்பார்ட்டகஸ்?" என்று கேட்டார். அவர் கேட்டது வேடிக்கைக்காக அல்ல. உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. ஆனால், ஒடுக்கப்பட்ட ஒரு கூட்டம் திரண்டு எழுகிறது என்பதும், தலைவனைக் காட்டிக்கொடுக்க அவர்களில் ஒருவரும் தயாராக இல்லை என்பதும் அவருக்குப் புரிந்திருந்தன. பித்தளை ஒலி எங்கிருந்து எங்கே எழுந்தது, வரிசைகள் எப்படி நெருங்கி வந்தன என்பதிலிருந்தே அவர் அதைப் பெற்றுக்கொண்டார். ஃபேன்டம் ரெஜிமென்ட் அன்றிரவு 0.025 புள்ளி வித்தியாசத்தில் ப்ளூ டெவில்ஸை முந்தி வெற்றி பெற்றது.

இதே ப்ளூமிங்டனைச் சேர்ந்த ஸ்டார் ஆஃப் இண்டியானா 1993-இல் சந்தித்தது இதற்கு நேர்மாறான வரவேற்பை. பார்பர், பார்டோக் என்னும் இரு இசையமைப்பாளர்களின் படைப்புகளைக் கொண்டு அவர்கள் அமைத்த நிகழ்ச்சியில் மெல்லிசை குறைவு, கூர்மையான சுரமோதல்கள் அதிகம். கைதட்டுவதற்கென்று வழக்கமாக விடப்படும் இடைவெளிகளும் அதில் அரிதாகவே இருந்தன. சில ஊர்களில் பார்வையாளர்கள் வெளிப்படையாகவே கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டினார்கள். அவர்களில் ஒருவராக இருந்த ஒரு பெரியவரை நான் பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்தேன். எதனால் கோபம் வந்தது என்று கேட்டபோது, "கதை புரியாததால் அல்ல. எங்கே மூச்சு விடுவது என்று அவர்கள் எங்களுக்குக் காட்டவே இல்லை" என்றார். இந்தப் பதிலை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் புரியவில்லை என்று பார்வையாளர்கள் சொல்லும்போது பெரும்பாலும் அவர்கள் குறைபடுவது கருப்பொருளைப் பற்றி அல்ல, இசையின் ஏற்ற இறக்கத்தில் தங்களுக்கு இடம் கிடைக்காததைப் பற்றியே. அந்த நிகழ்ச்சி 0.1 புள்ளியில் முதலிடத்தை இழந்தது. அதன்பின் அந்த அணி போட்டிக்களத்தை விட்டே விலகி, பின்னாளில் பிராட்வே வரை சென்ற மேடை நிகழ்ச்சியாக உருமாறியது. இன்று அதன் ஒளிப்பதிவைப் பார்க்கும் இளைஞர்கள், ட்ரம் கோரின் போக்கையே மாற்றிய படைப்புகளில் ஒன்றாக அதைப் போற்றுகிறார்கள். அவர்களிடமும் கருப்பொருள் பற்றிய கூடுதல் தகவல் எதுவும் இல்லை. 1993-இல் அந்நியமாக ஒலித்த இசைமொழி இடைப்பட்ட ஆண்டுகளில் காதுக்குப் பழகிவிட்டது, அவ்வளவே.

2012-இல் ப்ளூ டெவில்ஸ் வென்ற 'கேபரே வால்டேர்' நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். முதல் உலகப்போரின் நடுவே, 1916-இல், சூரிச் நகரத்தின் ஒரு சிறு அரங்கில் பிறந்த டாடா இயக்கமே அதன் கரு. போரை நியாயப்படுத்திய பகுத்தறிவின் மீதே நம்பிக்கை இழந்த கலைஞர்கள், பொருளற்ற சொற்களையும் தொடர்பற்ற காட்சிகளையும் கலையாக முன்வைத்த இயக்கம் அது. லூகாஸ் ஆயில் அரங்கில் என் பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் நிகழ்ச்சி முடிந்ததும் "எனக்கு ஒரு இழவும் புரியவில்லை" என்று சலித்துக்கொண்டார். டாடா கலைஞர்கள் தம் பார்வையாளரிடம் எதிர்பார்த்த திகைப்பு அவருக்கு முழுமையாகவே கிடைத்திருந்தது என்று எனக்குத் தோன்றியது.

டெக்சஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே எழுதியவர் இருக்கையிலிருந்து பார்த்ததைச் சொன்னார். நான் சமையல் வண்டியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். என் மகள் ஓர் அணியின் கலர் கார்டில் ஆடிய கோடையில், அந்த அணிக்குச் சமைத்துப் போடும் பெற்றோர் குழுவில் நானும் சேர்ந்துகொண்டேன். நாளுக்கு நான்கு வேளை உணவு, இரவில் ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக்கூடத் தரையில் படுக்கை, விடிந்ததும் வெயிலில் பயிற்சி என்பதே அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை.

அந்த ஆண்டு அவர்களுடைய கருப்பொருள், நெருங்கிய ஒருவரை இழந்த துயரத்திலிருந்து மீண்டு வருவதைப் பற்றியது. ஆடுபவர்களுக்கு அது மிகவும் தேவைப்பட்டது என்பதை நான் அருகிலிருந்து கண்டேன். சாம்பல் நிறக் கொடியைத் தரையிலிருந்து தூக்கும் ஒரே ஓர் அசைவை என் மகள் மாலை முழுவதும் பயின்றாள். "வேகமாகத் தூக்காதே, அதற்கு எடை இருக்கிறது" என்று பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மெல்லிய பட்டுத்துணிக்கு எடை இருப்பதுபோல் காட்டவேண்டுமென்றால், அது எதன் எடை என்பது ஆடுபவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ஐம்பது கெஜத்துக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. கொடி கனக்கிறது என்று தெரிந்தால் அவருக்குப் போதும்.

சான் அன்டோனியோவின் அலமோடோம் அரங்கில் ஜூலை மாதம் அந்த நிகழ்ச்சியைப் பார்க்க, சமையல் வேலைக்கு நடுவே ஓடிவந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் மேற்கு டெக்சஸைச் சேர்ந்த ஒரு விவசாயி இருந்தார். சாம்பல் கொடிகள் மடிந்து அடர்நீலக் கொடிகள் மைதானம் முழுக்க விரிந்தபோது அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கண்கள் கலங்கியிருந்தன. நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம், "காய்ந்த நிலத்துக்கு மழை வருவதை இவ்வளவு சரியாக யாரும் காட்டி நான் பார்த்ததில்லை" என்றார். நான் அவரைத் திருத்தவில்லை. திருத்துவதற்கு அங்கே எதுவும் இருந்ததாகவும் எனக்குப் படவில்லை. வறண்டு கிடந்த ஒன்று உயிர்பெறுகிறது என்ற அடிப்படை உணர்வு அவரிடம் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்திருந்தது.

இன்னொன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். பருவத் தொடக்கத்தில் அந்நிகழ்ச்சியில் ஒலிபெருக்கி வழியே ஒரு பெண்குரல் பேசும். கருப்பொருளைப் பார்வையாளர்கள் தவறவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அதைச் சேர்த்திருந்தார்கள். மூடிய அரங்கத்தில் எதிரொலி பட்டு ஒரு சொல்கூட விளங்கவில்லை. இசையின் மென்மையான பகுதியும் அதனால் மூடுண்டது. சில வாரங்களில் அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த இடத்தில் அரங்கம் அசைவற்று அமைதியாக இருக்கத் தொடங்கியது. 2004-இல் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைத்ததிலிருந்து பேச்சைச் சேர்த்துப் பார்த்த அணிகள் பல உண்டு. பேச்சு மிகுந்த நிகழ்ச்சிகளை ரசிகர்கள் பலர் விரும்பவில்லை என்பது இத்துறையைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் அறிந்த செய்தி. விளக்கம் கூடக் கூட ஈடுபாடு குறைவதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒஹாயோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

உயர்நிலைப்பள்ளி இசைக்குழு ஒன்றுக்குத் தாளக்கருவிப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இருவர் சொன்னதையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். மொத்த 100 மதிப்பெண்களில் 40 'பொது விளைவு' என்ற பிரிவுக்குத் தரப்படுகிறது. அதில் உணர்வும் அழகும் மட்டுமல்லாமல் அறிவைத் தொடும் தன்மையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஆகவே புரிதலுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புரிதல் எங்கிருந்து வரவேண்டும் என்பதுதான் நம் முன்னுள்ள கேள்வி.

எங்கள் மாநிலத்துக் கேன்டன் நகரின் ப்ளூகோட்ஸ் 2014-இல் வழங்கிய 'டில்ட்' இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம். சாய்வு என்ற ஒற்றை எண்ணத்தைத் தவிர அதில் கதையோ பாத்திரமோ கிடையாது. வரிசைகள் சாய்ந்தன, உடல்கள் சாய்ந்தன, நிகழ்ச்சியின் இறுதிக்கு அருகில் பித்தளைப் பிரிவு முழுவதும் பிடித்திருந்த சுருதியே சறுக்கி வளைந்தது. அந்த நொடியில் என் மாணவர்கள் ஒரே குரலில் அலறியதை நான் மறக்கவில்லை. அவர்களில் எவரும் முன்குறிப்பு எதையும் படித்துவிட்டு வரவில்லை. நேர்கோடு எது என்பதை முதலில் கண்ணுக்குப் பழக்கி, பிறகு அதைச் சாய்த்து, கடைசியில் காது நம்பியிருந்த சுருதியையும் சாய்த்ததால், பத்தே நிமிடங்களில் நிகழ்ச்சி தன் இலக்கணத்தைத் தானே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. வெளியிலிருந்து கொண்டுவரும் விளக்கக்குறிப்பால் இதைச் செய்ய முடியாது.

அதே வேளையில், ஒரு நிகழ்ச்சி பிடித்துப்போன பிறகு அதன் பின்னணியைத் தேடிப் படிப்பதில் கிடைக்கும் இன்பத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். என் மாணவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். ஆகஸ்டில் இண்டியானாபொலிஸில் வியாழக்கிழமை முதற்சுற்று, வெள்ளிக்கிழமை அரையிறுதி, சனிக்கிழமை 12 அணிகள் மோதும் இறுதிப்போட்டி என்று அதே நிகழ்ச்சிகளை மூன்று நாளும் பார்க்க வாய்ப்பிருக்கிறது. வியாழனன்று எதையும் படிக்காமல் பாருங்கள், எங்கே மெய்சிலிர்த்தது, எங்கே கவனம் சிதறியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு விடுதிக்குப் போய் அணிகள் எழுதியிருக்கும் விளக்கத்தைப் படியுங்கள். சனிக்கிழமை மீண்டும் பார்க்கும்போது, கவனம் சிதறியதாகக் குறித்த இடங்களில் சில தெளிவாகும். மெய்சிலிர்த்த இடங்களில் விளக்கத்தால் மாறுவது மிகக் குறைவு. அடுத்த கோடையில் செல்பவர்கள் தங்கள் குறிப்புகளை இங்கே பகிர்ந்தால் நானும் என் மாணவர்களுடையதைச் சேர்த்து எழுதுகிறேன்.