[கலைச்சொல்] ஸ்பார்க் பிளக் பூட்: தொப்பியா, உறையா?

பாலக்கோட்டிலிருந்து:

வணக்கம். வீட்டிலேயே பிளக் மாற்றுபவர்களுக்கான கையேடு ஓரிடத்தில் நிற்கிறது. பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் ரப்பர் குழலுக்கு என்ன சொல்? வரைவில் இப்போதைக்கு "ஒயரைக் கழற்றவும்" என்று இருக்கிறது. பட்டறையில் 'பிளக் கேப்பு' என்பதால் 'செருகித் தொப்பி' என்று போடலாமா?

ஓசூரிலிருந்து:

> "ஒயரைக் கழற்றவும்"

இது வேண்டவே வேண்டாம். படிப்பவர் ஒயரைத்தான் பிடித்து இழுப்பார். கார் ஒயர்கள் பலவற்றுக்குள் இருப்பது செம்புக் கம்பி இல்லை, கரி ஏற்றிய இழை. இழுத்தால் அது முனையிலிருந்து விட்டுப்போகும். வெளியே பார்க்க ஒயர் நன்றாகவே இருக்கும். புது பிளக் போட்ட பிறகும் ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும், பழி பிளக் மேல் விழும்.

தொப்பி டூவீலருக்குப் பொருந்தும். அது கெட்டியான கூடு, உள்ளே பெரும்பாலும் 5 கிலோ ஓம் மின்தடை. ஒயர் முனையில் திருகி ஏற்றியது, கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். காரில் இருப்பது வேறு. நீளமான சிலிக்கோன் குழல், பிளக்கின் வெள்ளைப் பீங்கானைச் சுற்றிலும் கவ்விக்கொண்டிருக்கும். தலையில் கவிழ்வது தொப்பி, உடம்பைப் போர்த்துவது உறை. என் ஓட்டு உறைக்கு.

தர்மபுரியிலிருந்து:

ஓசூர் அண்ணன் சொன்ன பிரிவினை சரி. ஆனால் 'உறை' தனியாக நின்றால் தபால் உறையும் வரும், தயிருக்கு ஊற்றும் உறையும் வரும். 'பிளக் உறை' என்றே போடுங்கள். 'பொறிச்செருகி உறை' என்று போட்டால் கடையில் கேட்டு வாங்க முடியாது.

எனக்கு உறுத்துவது வேறு சொல். வரைவின் தலைப்பில் "இறுகிய" என்று இருக்கிறது. இறுகுவது மரை. ரப்பர் இறுகாது, சூட்டில் வெந்து பீங்கானோடு ஒட்டிக்கொள்ளும். இறுகியது என்று படித்தவர் துரு எண்ணெய் டப்பாவைத் தேடுவார். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதி இளகும், இழுக்கையில் கிழியும். "ஒட்டிய உறை" என்று மாற்றுங்கள்.

செய்முறையையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். இன்ஜின் முழுசாக ஆறட்டும். தொப்பூர் கணவாய் ஏறி வந்த சூட்டோடு கை வைத்தால் உறைக்கு ஆபத்தோ இல்லையோ, பிளக் திருகியிருக்கும் அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரைக்கு ஆபத்து. பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பிளக் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவும். கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இது இரண்டு தடவை: உறையைத் தொடும் முன் ஒன்று, உறை வந்த பின் பிளக்கைத் தளர்த்தும் முன் ஒன்று. கல்தூள் உள்ளே விழுந்தால் சிலிண்டர் சுவரைக் கீறும்.

உறையின் தடித்த பாகத்தைப் பிடித்து இடமும் வலமும் கால் சுற்று திருப்பவும். ஒட்டு விட்டதும் பிடி சட்டென்று லேசாகும், கையிலேயே தெரியும். அதற்குப் பிறகுதான் நேராக மேலே இழுப்பது. அசையவில்லையென்றால் மெல்லிய குழாய் வைத்த சிலிக்கோன் ஸ்பிரேயை உறைக்கும் பீங்கானுக்கும் நடுவே விட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி திருப்பவும். கை நுழையாத இடத்துக்கு உறை பிடுங்கும் வளைந்த இடுக்கி இருக்கிறது, வாயில் ரப்பர் பூசியதாகப் பார்த்து வாங்கவும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் பொறி அந்த வழியாக ஹெட்டுக்கு ஓடிவிடும்.

கிழிந்து பாதி உள்ளே நின்றால், நீள மூக்கு இடுக்கியால் துண்டு துண்டாக எடுத்து முடித்த பிறகே பிளக்கைக் கழற்றவும். குழியில் எண்ணெய் நின்றால் துணியால் ஒற்றி எடுக்கவும். அப்படியென்றால் வால்வு கவரில் பிளக் குழியைச் சுற்றியிருக்கும் குழாய் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் புது உறை போட்டால் அதுவும் ஊறிப்போகும்.

பாலக்கோட்டிலிருந்து:

'பிளக் உறை', 'ஒட்டிய உறை' இரண்டையும் ஏற்றிவிட்டேன். திரும்பப் பூட்டும் பகுதியில் "கிரீஸ் தடவவும்" என்று மட்டும் இருக்கிறது.

ஓசூரிலிருந்து:

அப்படி விட்டால் வீல் பேரிங் கிரீஸைத் தடவி வைப்பார்கள். "மின்காப்புச் சிலிக்கோன் கிரீஸ்" என்று முழுசாக எழுதுங்கள். மிளகளவு போதும். உறை வாயின் உட்புறம் மெல்லிசாகப் பூசினால் அடுத்த முறை ஒட்டாது. பிளக் மரைக்கு அது போகக் கூடாது. வாஷர் உள்ள புது 14 மி.மீ. பிளக் என்றால், கையால் முட்டும்வரை திருகி அதற்கு மேல் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள். டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இருந்தால் அலுமினிய ஹெட்டுக்குப் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். வண்டிக் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. உறையை அழுத்தும்போது 'டிக்' என்று உள்ளே இருக்கும் உலோக முனை பிளக் தலையைக் கவ்வ வேண்டும்.

தர்மபுரியிலிருந்து:

அந்த 'டிக்' ஒயர் வைத்த வண்டிக்கு மட்டும். பிளக் மேலேயே காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) உட்காரும் வண்டியில் முனைக்குப் பதில் ஸ்பிரிங் இருக்கும், சத்தம் வராது. அங்கே போல்ட் துளை தானாக நேர்வரவேண்டும். அதன் உறையைக் 'காயில் உறை' என்று தனியாகக் குறிக்கலாம், சில வண்டிகளுக்கு அது மட்டும் தனியே கிடைக்கிறது. பழைய உறையைக் கழற்றியதும் ஸ்பிரிங் அதோடு வந்ததா, பிளக் தலையிலேயே நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.