வேற்றின ஒட்டுமாற்று: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

ஓர் இனத்தின் உயிருள்ள உறுப்பையோ திசுவையோ செல்லையோ மற்றோர் இனத்தின் உடலில் பொருத்தும் ஆய்வுத்துறைக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்னும் கேள்விக்கு வந்துள்ள விடைகளை ஒருசேர வைத்துப் பார்த்தேன். விலங்குறுப்பு மாற்று, அயலுறுப்பு மாற்று, வேற்றுயிர் மாற்று, வேற்றினப் பதியம் என்பனவும், ‘ஜீனோடிரான்ஸ்பிளான்டேஷன்’ என்றே ஒலிபெயர்த்துவிடலாம் என்னும் கருத்தும் நம்முன் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆயினும் என் முடிவு இவற்றிலிருந்து சற்று விலகுவதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒலிபெயர்ப்பை முதலில் விலக்கிவிடலாம். இத்துறையின் இன்றைய வளர்ச்சி பெரும்பாலும் மரபணுத் திருத்தத்தையே நம்பியிருப்பதால், ஒரே பத்தியில் ‘ஜீன்’, ‘ஜீனோம்’, ‘ஜீனோடிரான்ஸ்பிளான்டேஷன்’ மூன்றும் அடுத்தடுத்து வரும். கிரேக்கத்தில் அயலான், விருந்தினன் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த முன்னொட்டும், பிறப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த ஜீனும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலவே தோன்றும். மாணவர் ஒருவர் இரண்டையும் உறவுடைய சொற்கள் என்று கருதினால் பிழை அவருடையது ஆகாது.

பெயரிடுவதற்கு முன் பொருளின் எல்லையை அறிவது நல்லது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தரும் வரையறையில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியமானவை. பொருத்தப்படுவது உயிருள்ளதாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. அது முழு உறுப்பாக இருக்க வேண்டியதில்லை, செல்லும் திசுவும் அடங்கும், உடலுக்கு வெளியே விலங்குச் செல்களோடு தொடர்புற்றுத் திரும்பிவந்த மனிதச் செல்களும் நீர்மங்களும்கூட அடங்கும் என்பது மற்றொன்று. இதயநோயாளிகளுக்குப் பல பத்தாண்டுகளாகப் பொருத்தப்பட்டுவரும் பன்றி இதய வால்வு, குளூட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருளில் பதப்படுத்தப்பட்டு உயிர்ச்செல் இல்லாத நிலையில் உடலுக்குள் செல்வதால், இவ்வரையறைக்குள் வருவதில்லை. இன்சுலினைச் சுரக்கும் பன்றிக் கணையத் திட்டுச் செல்களோ உறுப்பாக இல்லாவிடினும் முழுமையாக உள்ளே வருகின்றன. ஆகவே ‘விலங்குறுப்பு மாற்று’ என்பது செய்தித்தாள் தலைப்புக்கு ஏற்றதே தவிர, துறைப்பெயராக நிற்காது. மேலும், மனிதத் திசுவை ஆய்வுக்காக எலியின் உடலில் வளர்ப்பதும் இதே துறையின் பணிதான். அதை ‘விலங்குறுப்பு’ எப்படிச் சுட்டும்?

‘அயல்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். கிரேக்க மூலத்துக்கும் அதுவே நெருக்கம். ஆனால் நம் தாவரவியல் பாடநூல்கள் அதை முன்னமே வேறொரு பொருளில் நிலைப்படுத்திவிட்டன. அயல் மகரந்தச் சேர்க்கை என்பது ஒரே இனத்தைச் சேர்ந்த இரு செடிகளுக்கிடையே நிகழ்வது. மாணவர் மனத்தில் அயல் என்றால் ‘அதே இனத்தின் வேறொரு தனியுயிர்’ என்று பதிந்திருக்கும்போது, இங்கே அதற்கு ‘வேறோர் இனம்’ என்று பொருள் கொடுப்பது இரு நூல்களையும் படிப்பவரைக் குழப்பும். பேச்சுவழக்கிலும் அயலார் என்பவர் பக்கத்து வீட்டார்தாமே. பன்றிக்கும் மனிதனுக்கும் உள்ள தொலைவை அந்தச் சொல் தாங்காது.

‘வேற்றுயிர் மாற்று’ ஒலியழகுடையது என்றாலும், ‘உயிர்மாற்று’ என்ற பகுதி காதில் விழுந்தவுடன் கூடுவிட்டுக் கூடு பாய்வதுதான் தமிழருக்கு நினைவுக்கு வரும். அறுவை மருத்துவத்துக்கு அந்த நினைவு உதவாது.

இங்கே ஒரு வரலாற்றுச் செய்தியைக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்திலும் இச்சொற்கள் தொடக்கத்திலேயே சீராக அமைந்துவிடவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்கு மாற்றுவதை ‘ஹோமோகிராஃப்ட்’ என்றும், வேறோர் இனத்திலிருந்து மாற்றுவதை ‘ஹெட்டிரோகிராஃப்ட்’ என்றும் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 1961-இல் நோயெதிர்ப்பியலாளர் பீட்டர் கோரர் முதலியோர் இவற்றைத் திருத்த முன்மொழிந்த பின்னரே ‘அல்லோகிராஃப்ட்’, ‘ஜீனோகிராஃப்ட்’ என்னும் இன்றைய சொற்கள் நிலைபெற்றன. நாம் இதிலிருந்து கொள்ள வேண்டியது, இச்சொல்லைத் தனியே ஆக்கக் கூடாது, அதன் உடன்பிறப்புகளோடு சேர்த்தே ஆக்க வேண்டும் என்பதுதான். ஒருவரின் தொடைத்தோலை அவருடைய கையிலேயே ஒட்டுவது, ஓர் உடலின் உறுப்பை அதே இனத்தின் மற்றோர் உடலுக்குக் கொடுப்பது, இனம் கடந்து கொடுப்பது என்னும் மூன்று படிகளும் சொல்லிலேயே தெரிய வேண்டும். தமிழில் இதற்கு இயல்பான ஏணி ஒன்று இருக்கிறது: தன், தன்னினம், வேற்றினம். தன்னினத்தை உண்ணும் உயிரி என்று நாம் சொல்வதில் வரும் அதே தன்னினம்தான் இது. ஆகவே தன்னொட்டு, தன்னினவொட்டு, வேற்றினவொட்டு எனலாம். 1954-இல் பாஸ்டனில் அறுவை மருத்துவர் ஜோசப் மரே ஒத்த இரட்டையருக்கிடையே செய்த சிறுநீரக மாற்றைப் போன்றவற்றை ‘ஒத்தவொட்டு’ என்று தனியே குறிக்கலாம். ‘தன்னொட்டு’, ‘தன்னினவொட்டு’ இரண்டும் விரைந்த பேச்சில் மயங்கக்கூடும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. எழுத்தில் அந்த மயக்கம் இல்லை என்பதால் ஏற்கிறேன்.

‘இனம்’ என்பதற்கு எழுந்த தடையே எல்லாவற்றிலும் வலுவானது. பொதுவழக்கில் இனம் மக்கள் கூட்டத்தையும் குறிப்பதால், ‘வேற்றினச் சிறுநீரகம்’ என்று படிப்பவர் வேறு மக்களினத்தவர் ஒருவரின் சிறுநீரகம் என்று எண்ணிவிடக்கூடும். இது வெறும் சொற்குழப்பமாக நில்லாது. மக்களினங்களுக்கிடையே உயிரியல் வேலி ஒன்று இருப்பதாகக் காட்டும் பெருந்தவறாகும். இதை அஞ்சிச் சொல்லையே கைவிடலாமா என்று பல நாள் எண்ணினேன். ‘சிற்றினம்’ என்ற பாடநூற்சொல்லைப் பயன்படுத்தினால் ‘வேற்றுச்சிற்றினவொட்டு’ என்று நாக்கில் சிக்கும் ஒரு சொல் பிறக்கிறது. ஆகவே எந்தக் கட்டுரையிலும் முதல் முறை ‘வேற்று உயிரின’ என்று விரித்து எழுதிவிட்டு, அதன்பின் ‘வேற்றின’ என்று சுருக்குவதை ஒரு நெறியாகவே வகுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இனி சொல்லின் பின்பாதி. ‘பதியம்’ நட்டு வளர்ப்பதை நினைவூட்டுவதால் ஈர்க்கிறது. ஆனால் தோட்டக்கலையில் பதியம் என்பது கிளை தாய்ச்செடியிலிருந்து பிரியாமலே மண்ணில் வேர்விடுவது. ஓருடலிலிருந்து அறுத்தெடுத்து மற்றோருடலில் வைப்பதற்கு அது நேர்மாறானது. ‘ஒட்டு’ அப்படியன்று. ஒட்டுக்கட்டும்போது ஒரு செடியின் தண்டை வெட்டி மற்றொன்றின் வேர்ச்செடியில் பொருத்துகிறோம். இரண்டின் சாற்றுக்குழாய்களும் இணைந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். இரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கும் அறுவை மருத்துவர் செய்வதும் அதுவே. ஒட்டு என்பது மேற்பரப்பில் ஒட்டுவதைத்தானே குறிக்கும் என்று கேட்பவருக்கு இதுவே விடை. கத்தரியைச் சுண்டைச் செடியில் ஒட்டுக்கட்டுவதுபோல இனம் கடந்த ஒட்டும் உழவருக்குப் புதியதன்று.

ஆயினும் ‘இதய ஒட்டு’ என்று யாரும் சொல்வதில்லை; இதய மாற்று, கல்லீரல் மாற்று என்றே வழங்குகிறோம். வழக்கில் வேரூன்றிய ‘மாற்று’ என்பதை அகற்ற நமக்கு உரிமையில்லை. ஆகவே பொருத்தப்படும் பொருளுக்கு ‘வேற்றினவொட்டு’ என்றும், செயலுக்கும் துறைக்கும் ‘வேற்றின ஒட்டுமாற்று’ என்றும் முன்மொழிகிறேன். செல், திசு, உறுப்பு அனைத்தையும் ‘ஒட்டு’ தன்னுள் அடக்கும். உறுப்பைக் குறித்தே சொல்ல வேண்டிய இடத்தில் வேற்றின இதய மாற்று, வேற்றினச் சிறுநீரக மாற்று என்று எழுதிக்கொள்ளலாம்.

இந்த அடிச்சொல் கிடைத்துவிட்டால் மற்றவை எளிதில் பிறக்கின்றன. பிரிட்டன் அறுவை மருத்துவர் ராய் கால்ன் 1970-இல் இனங்களுக்கிடையேயான நெருக்கத்தை வைத்து இருவகையாகப் பிரித்தார். அவற்றை நம் இலக்கணம் தந்த அண்மை, சேய்மை என்பவற்றால் அண்மையின ஒட்டு, சேய்மையின ஒட்டு எனலாம். 1963, 64 ஆண்டுகளில் அமெரிக்க அறுவை மருத்துவர் கீத் ரீம்ட்ஸ்மா மனிதருக்குப் பொருத்திய சிம்பன்சி சிறுநீரகங்களும், 1984-இல் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் ஒரு பச்சிளங்குழந்தைக்குப் பொருத்தப்பட்ட பபூன் குரங்கின் இதயமும் அண்மையின ஒட்டுகள். பன்றியினுடையது சேய்மையினம். இந்தப் பிரிவுக்கு உயிர்வேதியியல் அடிப்படையும் உண்டு. பன்றிச் செல்களின் மேற்பரப்பில் ஆல்ஃபா-கேல் என்னும் சர்க்கரை இருக்கிறது. மனிதருக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் பபூன் போன்ற பழைய உலகக் (ஆசிய, ஆப்பிரிக்க) குரங்குகளுக்கும் அது இல்லை. குடல் பாக்டீரியாக்களில் அதைக் கண்டு பழகிய நம் உடல் அதற்கெதிரான எதிர்ப்பொருள்களை எப்போதும் வைத்திருப்பதால், திருத்தப்படாத பன்றி உறுப்பு சில நிமிடங்களிலிருந்து சில மணிநேரத்துக்குள் சிதைந்துவிடும். இதனை ‘மீவிரைவு ஒட்டுமறுப்பு’ எனலாம். ‘நிராகரிப்பு’ பழகிய சொல்லே எனினும், ‘மறுப்பு’ குறுகியது, ‘ஏற்பு’ என்பதோடு இணையாகவும் நிற்கிறது.

தொற்றுக்கும் ஒரு சொல் தேவை. 2022 ஜனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பத்து மரபணு மாற்றங்கள் செய்யப்பட்ட பன்றி இதயத்தைப் பெற்ற நோயாளி இரண்டு மாதங்கள் உயிர்வாழ்ந்தார். அந்த இதயத்தோடு பன்றி சைட்டோமெகாலோவைரசும் உடன்வந்தது பின்னர் தெரிந்தது. 2024 மார்ச்சில் பாஸ்டனில் பொருத்தப்பட்ட பன்றிச் சிறுநீரகத்தின் 69 மரபணுத் திருத்தங்களில் 59, பன்றியின் மரபணுத்தொகுதிக்குள்ளேயே உறையும் ரெட்ரோவைரஸ் படிகளைச் செயலிழக்கச் செய்வதற்காக. ஒட்டின் வழியே இனம் தாண்டும் இத்தகைய நோயை ‘ஒட்டுவழித் தொற்று’ என்றும், மரபணுத்தொகுதியில் தங்கியிருப்பதை ‘அகவுறை ரெட்ரோவைரஸ்’ என்றும் குறிக்கலாம்.

இறுதியாக, விலங்கைக் ‘கொடையாளி’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. கொடை என்பது மனம் உவந்து கொடுப்பது. தமிழில் அச்சொல்லின் பெருமை முழுவதும் அந்த விருப்பத்தில்தான் இருக்கிறது. சிறுநீரகம் தந்த தாயையும், தன் இறப்புக்குப் பின் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவைத்தவரையும் அழைக்கும் சொல்லால், உறுப்புக்காகவே வளர்க்கப்பட்டுக் கொல்லப்படும் பன்றியை அழைத்தால், அந்த மனிதரின் விருப்பத்தையும் அந்த விலங்கின் இழப்பையும் ஒருங்கே மறைத்துவிடுகிறோம். ஆங்கில ஒழுங்குமுறை ஆவணங்களிலும் உறுப்பு எடுக்கப்படும் விலங்கை மூலம் என்னும் பொருளிலேயே குறிக்கிறார்கள். ஆகவே ‘மூலவிலங்கு’ என்பது என் முன்மொழிவு. இதைவிட நல்ல சொல்லை யாரேனும் தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன்; ‘கொடை’ மட்டும் அதில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.