‘பாம்பன் வீடு’ குழு: மாமாவின் தலைத்திவசம்

ஞாயிறு, காலை 7:10

சின்ன மாமா: (தாமரைப் பூ, ‘இனிய காலை வணக்கம்’ படம்)

சென்னை மதினி: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் தலைத்திவசத்துக்கு இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. பேப்பரில் நினைவஞ்சலி போட நாளைக்குள் வாசகம் கொடுக்க வேண்டும். பெயருக்குக் கீழே என்ன வேலை என்று போடுவது? படம் எது? திதி எங்கே கொடுப்பது? மூன்றையும் இன்றே முடித்துவிடலாம்.

மூத்த மாமா: ஆயில் கம்பெனி. போதும்.

அம்மா: ராமேஸ்வரம்

சின்ன மாமா: சேதுக்கரைதான். நம் அப்பாவுக்கு அங்கேதான் செய்தோம்.

அம்மா: செய்தோமா? அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?

சின்ன மாமா: 🙏

சென்னை மதினி: ஆயில் கம்பெனி என்று போட்டால் பெட்ரோல் பங்க் என்று நினைப்பார்கள் பெரியப்பா.

நான்: அம்மாச்சி கடைசி வரைக்கும் நல்லெண்ணெய்க் கம்பெனி என்றுதானே நினைத்திருந்தது 😀

அம்மா: ஒவ்வொரு லீவுக்கும் கேட்கும், எண்ணெய்க் கம்பெனியில் இருக்கிறாய், ஒரு டின் கொண்டுவர மாட்டாயா என்று. அண்ணன் எழும்பூரில் ஊருக்கு ரயில் ஏறும் முன் ஒரு டின் நல்லெண்ணெய் வாங்கி, லேபிளைக் கிழித்துவிட்டுக் கொண்டுவரும். கம்பெனியில் கொடுத்தது என்று சொல்லும். அம்மா அதைத் தெருவெல்லாம் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கும்.

அபுதாபி மச்சான்: இது எனக்கே தெரியாது அத்தை

அம்மா: உங்கள் அம்மாவுக்குத் தெரியும்

சென்னை மதினி: சரி, விவரமாகவே எழுதுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியட்டும். பம்பாய்க்கு மேற்கே கடலுக்குள் சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கிறது பம்பாய் ஹை. 1974-இல் அங்கே எண்ணெய் கண்டார்கள், 1976-இல் எடுக்கத் தொடங்கினார்கள். அப்பா போனது அதற்கு நாலைந்து வருஷம் கழித்து. கடலடியில் கால் ஊன்றி நிற்கும் இரும்பு மேடை. ஜுஹுவிலிருந்து ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்குவார்கள். அப்பாவுக்குக் கிரேன் வேலை. கரையிலிருந்து கப்பலில் வரும் குழாய், இரும்புப் பெட்டி, அரிசி, காய்கறி எல்லாவற்றையும் மேடைக்குத் தூக்க வேண்டும். மேடை அசையாது, கப்பல் அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது அலையின் உச்சிக்கு வரும் நேரம் பார்த்துத் தூக்க வேண்டும். இறங்கும்போது தூக்கினால் கம்பி வெடுக்கென்று இழுக்கும். கொஞ்சம் தாமதித்தால் அடுத்த அலையில் கப்பல் ஏறி வந்து சரக்கின் அடியில் இடிக்கும். சில நாள் ஆட்களையே கூடையில் நிற்கவைத்துத் தூக்குவதும் உண்டு.

அபுதாபி மச்சான்: ‘வள்ளத்தில் வளர்ந்தவனுக்கு அலையை எவன் சொல்லித்தர வேண்டும்’

அபுதாபி மச்சான்: இதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன்

மூத்த மாமா: இவ்வளவும் பேப்பரில் வராது. வரிக்கு வரி காசு.

சின்ன மாமா: ஹைட்ரோகார்பன் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், ஊரில் அடிக்க வருவார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணெய், கேஸ் தேட 20 சோதனைக் கிணறு தோண்டுவதாக வந்ததே!

நான்: அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லி அரசே சொல்லிவிட்டது மாமா. 2025 ஆகஸ்டிலேயே.

சின்ன மாமா: சொன்னால் நின்றுவிடுமா?

அம்மா: வழுதூரில் கேஸை வைத்துத்தானே கரண்ட் எடுக்கிறார்கள். உன் வீட்டு ஃபேன் எதில் ஓடுகிறது?

சின்ன மாமா: அது வேறு அக்கா. கண்மாய், வயல் இதெல்லாம் வேறு.

சென்னை மதினி: சித்தப்பா, அதை அப்புறம் பேசலாம். படம்?

சென்னை மதினி: (படம்: ஆரஞ்சு உடை, வெள்ளை ஹெல்மெட், பின்னால் கடல்)

அபுதாபி மச்சான்: சூப்பர். இதுதான்.

நான்: மாமா கெத்து 👌

மூத்த மாமா: முகம் தெரியவில்லை.

காலை 8:25

அத்தை: (குரல் பதிவு 0:41)

சின்ன மாமா: கடைக்காரர் முன்னால் நிற்கிறார், கேட்க முடியவில்லை. என்ன சொல்கிறது மதினி?

நான்: அத்தை அந்தப் படம் வேண்டாம் என்கிறது. ‘அந்தச் சட்டையில் நான் அவரைப் பார்த்ததே இல்லை’ என்கிறது. தோப்பில் கைலியோடு நிற்கும் படத்தைப் போடச் சொல்கிறது.

சென்னை மதினி: அம்மா, பேப்பரில் கைலியோடு எப்படிம்மா?

அத்தை: நெஞ்சு வரைக்கும் வெட்டிப் போடு

அபுதாபி மச்சான்: 😀😀

சென்னை மதினி: அவர் 14 நாள் மேடை, 14 நாள் வீடு. அந்த 14-இல் போகவர நாலு நாள் ரயிலிலேயே போய்விடும். கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் பம்பாயிலேயே குடும்பத்தை வைத்துக்கொண்டார்கள். அப்பா 30 வருஷம் இப்படியே வந்து போனார். யாராவது கேட்டால், அம்மாச்சி பாம்பனை விட்டு வராது என்பார்.

அம்மா: உனக்கு அப்பத்தா. அம்மாச்சி இவனுக்கு.

சென்னை மதினி: அவசரத்தில் தம்பி எழுதியதையே எழுதிவிட்டேன் அத்தை.

அம்மா: 2005 ஞாபகம் இருக்கிறதா? டிவியில் பம்பாய் ஹை மேடை எரிகிறது என்று போட்டானே.

சின்ன மாமா: ஜூலை

சென்னை மதினி: ஜூலை 27. முந்தைய நாள்தான் மும்பையில் 944 மில்லிமீட்டர் மழை. கையில் அடிபட்ட ஒருவரைக் கப்பலிலிருந்து மேடைக்கு ஏற்ற வந்தபோது கப்பல் மேடைக் குழாயில் மோதித் தீப்பிடித்தது. 22 பேர் போய்விட்டார்கள்.

அம்மா: எத்தனை பேர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நாங்கள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா அடுப்பே பற்றவைக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி லைன் கிடைத்தது. ‘நான் வேறு மேடை’ என்றது அண்ணன். அதற்கு அடுத்த வார்த்தை, ‘தோப்பில் தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா?’

அபுதாபி மச்சான்: அப்பா 🙏

சென்னை மதினி: அதற்குப் பிறகு ஆளைக் கூடையில் தூக்கும் நாளில் யாரோடும் பேச மாட்டாராம். கூட இருந்தவர் எழவு கேட்க வந்தபோது சொன்னார்.

மூத்த மாமா: தண்ணீர் ஊற்றியது நான்தான்.

அம்மா: பட்டாவிலும் நீங்கள்தான் அண்ணே.

(மூத்த மாமா இந்தச் செய்தியை நீக்கினார்)

அபுதாபி மச்சான்: மாப்ள, வேன் எத்தனை பேருக்குச் சொல்வது?

நான்: இடமே முடிவாகவில்லை மச்சான்.

அம்மா: ராமேஸ்வரம் என்றால் எனக்கு வேனே வேண்டாம். நான் ரயிலிலேயே வந்துவிடுவேன். புதுப் பாம்பன் பாலத்தில் நான் இன்னும் போகவில்லை.

சின்ன மாமா: திதி கொடுக்கப் போகிறோமா, பாலம் பார்க்கப் போகிறோமா?

அம்மா: அண்ணன் இருந்தால் பாலத்தைத்தான் முதலில் காட்டும்

சென்னை மதினி: பேப்பரில் இடம் போடாமல் விடுகிறேன். வேலை?

அபுதாபி மச்சான்: கிரேன் ஆபரேட்டர், பம்பாய் ஹை (ஓய்வு)

சின்ன மாமா: மும்பை ஹை என்று போட வேண்டாமா?

அம்மா: அண்ணன் வாயில் கடைசி வரைக்கும் பம்பாய்தான்

சென்னை மதினி: அம்மா, நீ சொல்.

காலை 9:02

மூத்த மாமா: தேங்காய் எத்தனை வேண்டும்?

அம்மா: யாருடைய தோப்புத் தேங்காய்?

சென்னை மதினி: அத்தை, ப்ளீஸ்.

அத்தை: நாற்பது போதும் மாமா. உரித்தே கொண்டுவாருங்கள்.

மூத்த மாமா: சரிம்மா.

நான்: ஐயரிடம் யார் பேசுவது?

நான்: ?