ஹராருக்கு ஒரு நாள் போதாது

எத்தியோப்பியா போகும்போது ஹரார் என்ற பழைய மதில் ஊரையும் பார்க்கலாம் என்றிருக்கிறேன், ஒரு நாள் ஒதுக்கினால் போதுமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நானும் ஒரு நாள் என்று கணக்குப் போட்டுத்தான் போனேன். நான்கு நாள் தங்கிவிட்டு வந்தேன்.

முதலில் ஊசி விஷயம். எத்தியோப்பியா போய்த் திரும்புகிறவர்களிடம் நம் விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையைக் கேட்பார்கள். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அடிஸ் அபாபாவிலிருந்து டிரே டாவாவுக்கு விமானம். அங்கிருந்து வேனில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் மலைப்பாதை. புறப்படுவதற்கு முன் சாலை நிலவரத்தை விசாரித்துவிடுங்கள், இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். டிரே டாவாவில் வெயில் கொளுத்தியது. ஹராரில் இறங்கியதும் ஸ்வெட்டரைத் தேடினேன். ஊர் 1885 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1902ல் ஜிபூட்டியிலிருந்து வந்த ரயில் இந்த மலையில் ஏறவில்லை. டிரே டாவா என்ற புது ஊரே அந்த ரயிலால் வளர்ந்ததுதான். வியாபாரம் கீழே இறங்கிவிட, மேலே மதிலுக்குள் இருந்த பழைய ஊர் பெரிதாக மாறாமல் தங்கிவிட்டது.

அந்த மதிலுக்கும் அதற்குள் இருக்கும் ஊருக்கும் ஜுகோல் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஹராரை ஆண்ட அமீர் நூர் கட்டியது. பழைய வாசல்கள் ஐந்து. உள்ளே 48 ஹெக்டேர்தான், அதற்குள் 82 மசூதிகள், நூற்றுக்கும் மேற்பட்ட தர்காக்கள். 2006ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

சுற்றிக்காட்ட ஒருவரிடம் பேசி வைத்தேன். "நாளை மூன்று மணிக்கு" என்றார். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு வாசலில் போய் நின்றேன், ஆளைக் காணோம். அவர் காலை ஒன்பதுக்கே வந்து இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போயிருக்கிறார். அங்கே பொழுது விடிவதிலிருந்துதான் மணியை எண்ணுகிறார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒன்று. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பரம்பரை நாம், இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வேன், டிக்கெட், சாப்பாடு எதுவானாலும் "உங்கள் மணியா, எங்கள் மணியா" என்று கேட்டுவிடுங்கள்.

அந்த மதியத்தில் ஊரே அடங்கிக் கிடந்தது. மென்றால் லேசாகக் கிளர்ச்சி தரும் காத் இலையை அங்கே சாட் என்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அதை மெல்லும் நேரம் அது. கடைகள் பாதி மூடியிருந்தன. ஆகவே சுற்றுவதற்குக் காலையையும் மாலையையும் வைத்துக்கொள்ளுங்கள். காத்திருந்துவிட்டுப் போன வழிகாட்டி மறுநாள் மறுபடி வந்தார், ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மக்கினா கிர்கிர் என்ற தையல்காரர் தெருவுக்குக் கூட்டிப்போனார். தையல் மெஷின் சத்தமே தெருவின் பெயர். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் பெயர் காதில் விழுகிறது.

இரவில் மதிலுக்கு வெளியே கழுதைப்புலிகளுக்கு இறைச்சி ஊட்டுவதைப் பார்க்கத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். பாருங்கள், ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மதிலின் அடியில் சிறு பொந்துகள் விட்டிருக்கிறார்கள். கழுதைப்புலிகள் ராத்திரி அதன் வழியே உள்ளே வந்து கழிவைத் தின்றுவிட்டுப் போகும். ஊருக்கும் அவற்றுக்கும் உள்ள இந்த நெடுநாள் ஏற்பாடுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

*

மேலே அண்ணன் எழுதியதோடு நான் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹோட்டலில் தங்காமல் ஜுகோலுக்குள் ஒரு ஹராரி வீட்டில் தங்கினேன். கே கார் என்பார்கள். கே என்றால் ஊர். தங்கள் ஊரை அவர்கள் வெறுமனே "ஊர்" என்றுதான் சொல்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடித்தது. கூடத்தில் ஐந்து திண்ணைகள், படிப்படியான உயரத்தில். யார் எதில் உட்காருவது என்று முறை இருக்கிறது. எனக்கு இடம் காட்டிய அம்மா, சுவர் நிறைய மாட்டியிருந்த கூடைகளில் எது தன் கல்யாணத்துக்கு வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். காப்பிச் செடியின் காய்ந்த இலையைக் கொதிக்கவைத்து குத்தி என்று ஒரு பானம் கொடுத்தார். வழிகாட்டி வைத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

நான் போனது ரமலான் முடிந்த பிறகு. பெருநாளுக்கு அடுத்து ஆறு நாள் நோன்பிருந்து, அதன் முடிவில் ஷுவாலித் என்று பாட்டும் கொட்டுமாகக் கொண்டாடுகிறார்கள். 2023ல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்த விழா. தேதி அமைந்தால் விடாதீர்கள். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம், மதிலுக்கு வெளியே "த்சோம்" என்று கேளுங்கள். கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாடு, இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. புதன், வெள்ளிகளில் தேடாமலே கிடைக்கும்.

*

என் அப்பா எழுபதுகளில் ஹராரில் கணக்கு வாத்தியார். அந்தக் காலத்தில் நம் பக்கத்திலிருந்து நிறைய ஆசிரியர்கள் எத்தியோப்பியப் பள்ளிகளுக்குப் போனார்கள். அவருக்கு இப்போது முட்டிவலி, பயணம் முடியாது. அதனால் நான் போனேன்.

பஜாஜில் போய் இறங்கினேன். ஆட்டோவுக்கு அங்கே அதுதான் பெயர். வாசல் அருகே காப்பிக் கடையில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து "ஹிந்தி?" என்றார். இந்தியாவா என்று கேட்கிறார். ஆமாம் என்றதும், ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். இந்திய வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்தாராம். அப்பாவின் போட்டோவைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, இவர் இல்லை, வேறு ஒருவர் என்றார்.

அதற்காக என்னை விட்டுவிடவில்லை. அங்கே காப்பி மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று உட்காரவைத்துவிட்டார். இரண்டாவது சுற்றில் அப்பாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். முன்பின் தெரியாத இரண்டு பேரும் அம்ஹாரிக்கில் அரை மணி நேரம் பேசினார்கள். அப்பா அந்த மொழியைப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.