படகின் நீர்மட்டக் கோட்டில் பழுப்புக் கறை: தேய்த்தும் போகவில்லை, உப்புத்தாள் போடலாமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 26 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு, வெள்ளை ஜெல்கோட் (ஃபைபர்கிளாஸ் மேல் இருக்கும் வழவழப்பான வெளிப்பூச்சு). பழைய படகாக வாங்கியது. பத்து மாதம் ஆற்றின் முகத்துவாரத்தில், மரங்கள் கவிந்த கரையோரம் கட்டிவைத்திருந்தேன். போன வாரம் கரையேற்றினேன். பார்த்ததும் மனசு சங்கடப்பட்டுவிட்டது.

நீர்மட்டக் கோட்டை ஒட்டி நான்கு விரல் அகலத்துக்குப் பழுப்புப் பட்டை. அணியத்தில் (படகின் முன்முனை) இன்னும் மோசம். இரண்டு பக்கமும் மஞ்சள் மீசை வைத்தது போல மேல்நோக்கி வளைந்து ஏறியிருக்கிறது.

இதுவரை செய்தது: சோப்புத் தண்ணீரும் பிரஷும் போட்டேன். மேலே இருந்த வழவழப்பு போனது, நிறம் போகவில்லை. நேற்று ப்ளீச்சைத் தண்ணீரில் கலந்து தடவினேன். பச்சையாக இருந்த பாசி எல்லாம் போய்விட்டது, ஆனால் மஞ்சள் அப்படியே நிற்கிறது. பச்சை போனதால் மஞ்சள் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. இன்று காலை ரப்பிங் காம்பவுண்டை (மெருகேற்றத் தேய்க்கும் பசை) கையால் இரண்டு மணி நேரம் தேய்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளுத்தது.

400 எண் உப்புத்தாள் போட்டுவிடு என்று ஒருவர் சொல்கிறார். எனக்குக் கை வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1

கழிப்பறை கழுவும் ஆசிட் திரவம் இருக்கிறதல்லவா, அதைப் பிரஷில் தொட்டுத் தடவுங்கள். என் படகில் ஐந்தே நிமிடத்தில் போய்விட்டது. உப்புத்தாள் எல்லாம் வேண்டாம்.

பதில் 2

கேள்வி கேட்டவருக்கு: மேலே சொன்னதை இன்று செய்துவிடாதீர்கள். நேற்றுதான் ப்ளீச் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ப்ளீச் மிச்சம் இருக்கும் இடத்தில் அந்த ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். படகின் அடிவயிற்றுக்குக் கீழே குனிந்து நின்று வேலை செய்யும்போது அது நேராக மூக்குக்குத்தான் வரும். முதலில் நல்ல தண்ணீர் விட்டு முழுப் படகையும் கழுவுங்கள், ஒரு நாள் காயவிடுங்கள், மறுபடியும் கழுவுங்கள். ப்ளீச் புட்டியை அந்த இடத்தைவிட்டே எடுத்துவிடுங்கள். நான் கீழே சொல்லப்போவதும் அமிலம்தான் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாகப் படகுகளைப் பராமரிக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த மீசையை நூறு முறையாவது பார்த்திருப்பேன். அது அழுக்கு இல்லை, சாயம். மரங்கள் கவிந்த கரை என்றீர்களே, அங்கேயே விஷயம் இருக்கிறது. உதிர்ந்த இலைகள் ஊறி டானின் என்ற பழுப்புச் சாயம் இறங்கும், ஆற்று நீரில் கரைந்த இரும்பும் சேரும். இரண்டும் கூடினால் நல்ல கறை. ஜெல்கோட் கண்ணாடி மாதிரி பளபளத்தாலும் அதில் நுண்ணிய துளைகள் உண்டு. வெயில் பட்டு வெளிறிய பழைய ஜெல்கோட்டில் இன்னும் அதிகம். நீர்மட்டத்தில் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும், ஒவ்வொரு முறை காயும்போதும் சாயம் உள்ளே தங்கிப்போகும். அணியத்தில் அலை தெறித்துத் தெறித்துக் காய்வதால்தான் மீசை.

ப்ளீச் பாசிக்கு மருந்து, இரும்புக் கறையை அது தொடாது. பச்சை போய் மஞ்சள் நின்றதே, அதுவே உங்களுக்குச் சோதனை முடிவு மாதிரி. காம்பவுண்டும் உப்புத்தாளும் கறையை எடுப்பதில்லை, கறை இறங்கிய ஜெல்கோட்டையே சுரண்டி எடுக்கின்றன. ஜெல்கோட்டின் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டர் பக்கம்தான். பழைய படகில் முன்னால் வைத்திருந்தவர் எவ்வளவு தேய்த்திருப்பார் என்று நமக்குத் தெரியாது. 400 எண் போட்டால் அந்தக் கீறலைப் போக்கவே 800, 1000, 1500 என்று வரிசையாகத் தேய்க்க வேண்டும்.

உங்களுக்கு வேண்டியது ஆக்சாலிக் அமிலம். அது இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரைகிற பொருளாக மாற்றும், டானின் நிறத்தையும் வெளுக்கும். தேக்குப் பலகையை வெளுக்கப் போடுவதும் இதுதான். ஜெல்லாகவே கிடைக்கிறது, டேவிஸ் எஃப்.எஸ்.ஆர் அப்படிப்பட்டது. தூளாக வாங்கினால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் போட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீராகத் தடவினால் செங்குத்தான பக்கத்தில் நிற்காமல் வழிந்துவிடும். சுவரில் காகிதம் ஒட்டும் பசைத்தூளைக் கொஞ்சம் சேர்த்துக் கூழ்ப் பதத்துக்குக் கொண்டுவந்தால் ஒட்டி நிற்கும்.

கையுறை, கண்ணாடி கட்டாயம். தூளைக் கொட்டும்போது முகமூடியும் வேண்டும். இது உடம்புக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பொருள், சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தடவும்போது கீழிருந்து மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற துளி ஒவ்வொன்றும் கறைக்கு நடுவே வெள்ளைக் கோடு போட்டுவிடும், அப்புறம் அந்தக் கோடுகளைச் சமன்செய்வது பெரிய வேலை. நிழலில், படகு சூடாக இல்லாதபோது செய்யுங்கள். பத்து நிமிடம் விடுங்கள், காய விடாதீர்கள். தேய்க்கவே வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், மஞ்சள் தானாக இளகி வெளிறுவது கண்ணுக்கே தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

பிறகு நல்ல தண்ணீரை நிறைய விட்டுக் கழுவுங்கள். படகு துத்தநாகம் பூசிய டிரெய்லரில் நின்றால் முதலிலேயே பிளாஸ்டிக் விரித்து மூடிவிடுங்கள், அமிலம் அந்தப் பூச்சைத் தின்றுவிடும். அலுமினியத்திலும் படக்கூடாது.

கழிப்பறை ஆசிட் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையை எடுக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் புகை, உலோக அரிப்பு இரண்டும் அதிகம். கொட்டலசு (படகின் அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) ஒட்டியிருந்த இடத்தில் வட்ட வட்டமாகச் சுண்ணாம்புத் தடம் நிற்குமே, அதற்கு அந்த அமிலம் நன்றாக வேலை செய்யும். இந்த மஞ்சளுக்கு அவ்வளவு வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா. ப்ளீச் விஷயம் சொல்லாமல் இருந்திருந்தால் இன்று சாயங்காலமே அந்த ஆசிட்டை வாங்கி ஊற்றியிருப்பேன். இரண்டு சந்தேகம். கீழே இருக்கும் ஆன்டிஃபவுலிங் பெயின்ட் (பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்க அடிப்பகுதியில் அடிப்பது) மேல் ஆக்சாலிக் வழிந்தால் கெட்டுப்போகுமா? கறை போன பிறகு அப்படியே விட்டுவிடலாமா?

பதில் 2

வழிந்தால் பயம் இல்லை, உடனே கழுவிவிடுங்கள். பெயின்ட் புதிதாக இருந்தால் கோட்டில் டேப் ஒட்டிக்கொண்டு தடவலாம்.

அப்படியே விடக்கூடாது. கறை எடுத்த ஜெல்கோட் குளித்துத் துவட்டாத உடம்பு மாதிரி, பட்டதெல்லாம் ஒட்டும். கருப்புத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளைப் பொடி வந்தால் ஜெல்கோட் வெயிலில் வெளிறிப் பொரிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மட்டும் மெல்லிய காம்பவுண்ட் ஒரு சுற்று போடுங்கள். பொடி வராவிட்டால் நேராக வாக்ஸ். நீர்மட்டத்தில் இரண்டு கோட் போடுங்கள், முதல் கோட் நன்றாக இறுகிய பிறகு இரண்டாவது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். வாக்ஸ் இருக்கும் இடத்தில் அமிலம் கறை வரை போய்ச் சேராது.

பதில் 3

கறை எடுப்பது பற்றி நல்லபடியாகச் சொல்லிவிட்டார்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். அந்த நான்கு விரல் பட்டை ஆன்டிஃபவுலிங் பெயின்ட்டுக்கு மேலே வெறும் ஜெல்கோட்டில்தானே இருக்கிறது? அப்படியானால் உங்கள் படகு பெயின்ட் கோட்டைவிடத் தாழ்ந்து மிதக்கிறது. நங்கூரச் சங்கிலி, தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, கருவிப்பெட்டி என்று வருடக்கணக்கில் சாமான் சேரச் சேர எல்லாப் படகும் கொஞ்சம் கொஞ்சமாக அமிழும். எந்தப் பக்கம் பட்டை அகலம் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். அமரத்தில் (படகின் பின்முனை) அகலமாக இருந்தால் பின்னால் பாரம் அதிகம்.

என் படகில் அமரத்தில் ஆறு விரல், அணியத்தில் இரண்டு விரல் என்று இருந்தது. பின் அறையில் கிடந்த உபரி நங்கூரத்தையும் சங்கிலியையும் நடுவுக்கு மாற்றினேன், அடுத்த தடவை பெயின்ட் அடிக்கும்போது கோட்டை 5 சென்டிமீட்டர் உயர்த்தினேன். அதற்குப் பிறகு அணியத்து மீசை மட்டும்தான் வருகிறது, பட்டை வருவதில்லை.

அந்த மீசைக்காகப் படகைக் கரையேற்றவும் வேண்டியதில்லை. அலையில்லாத நாளில் சிறு துடுப்புப் படகில் போய் ஜெல்லைத் தடவித் துணியால் வழித்து வாளியில் பிழிந்துவிடுகிறேன், தண்ணீரில் விடுவதில்லை. பக்கவாட்டுக் கோடு வெளியே தெரிய வேண்டுமென்றால் பூமை (பாயின் அடி விளிம்பைப் பிடித்திருக்கும் கழி) ஒரு பக்கம் முழுக்க வெளியே தள்ளி, முனையில் தண்ணீர் நிரம்பிய கேன் ஒன்றைத் தொங்கவிடுங்கள். படகு லேசாகச் சாய்ந்து எதிர்ப்பக்கம் எழும்பிக்கொடுக்கும்.

கேள்வி கேட்டவர்

செய்து முடித்துவிட்டேன். இரண்டு முறை கழுவிக் காயவிட்டு மூன்றாம் நாள் காலை ஆரம்பித்தேன். அணியத்தில் முதலில் ஒரு கை அகலம் மட்டும் தடவிப் பார்த்தேன். நாலைந்து நிமிடத்தில் மஞ்சள் எலுமிச்சை நிறமாகி, அப்புறம் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கரைந்து போனது. இரண்டு மணி நேரம் தேய்த்தும் அசையாதது, கை வைக்காமலே போனது!

முழுப் படகுக்கும் இரண்டு சுற்று தேவைப்பட்டது. அமரத்தில் தண்ணீர் வெளியேறும் துளைக்குக் கீழே ஒரு பழுப்புக் கோடு மட்டும் நிற்கிறது. அதன் மேல் ஜெல்லில் நனைத்த துணியை ஒட்டி, காயாமலிருக்கப் பிளாஸ்டிக் தாளால் மூடி அரை மணி நேரம் விட்டேன். பாதி போனது. கருப்புத் துணியில் பொடி வந்தது, அதனால் நாளை காம்பவுண்ட்.

பட்டையையும் அளந்தேன். அணியத்தில் 6 சென்டிமீட்டர், அமரத்தில் 9. பின் அறையைத் திறந்து பார்த்தால் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன ஈய எடைகள் ஒரு மூட்டை இருந்தது. எதற்கு வைத்தார் என்று புரியவில்லை, எடுத்துவிட்டேன்.

பதில் 2

அந்தத் துளைக்குக் கீழே இருப்பது ஆற்றுக் கறையாக இருக்காது. உள்ளே எங்கோ ஒரு இரும்புக் கிளாம்ப் துருப்பிடித்து ஒழுகுகிறது. குழாயைக் கழற்றிப் பார்த்து அதை மாற்றிவிட்டு, மீதிக் கோட்டுக்கு இன்னொரு முறை துணி ஒட்டுங்கள். ஈயத்தை மட்டும் இப்போதைக்கு விற்றுவிடாதீர்கள். படகைத் தண்ணீரில் இறக்கி, நேராக மிதக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.