கலகலப்பான நாவல் கையில் இருக்கிறது, மனசுதான் உட்கார மாட்டேன் என்கிறது

தையல்காரி, கும்பகோணம்:

மகாமகக் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் பத்துக்குப் பத்து தையல் கடை வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முந்தின ஒரு மாதம் எங்களுக்கெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் சாப்பாடு. தீபாவளி முடிந்த மறுநாளிலிருந்து ஒரு பத்து நாளைக்கு ஈ ஓட்டலாம். ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டால் வாசலில் தண்ணீர் நிற்கும், புடவை ஓரத்துக்கு பால்ஸ் அடிக்கக்கூட ஒருத்தி வரமாட்டாள். அந்தப் பத்து நாளைக்காகத்தான் வருஷம் பூராவும் நாவல் சேர்ப்பேன். லைனிங் துணி வைக்கும் பீரோவின் கீழ்த்தட்டில் இப்போது ஏழு கிடக்கின்றன.

எல்லாம் என் ரகம்தான். மாமியாரும் மருமகளும் கூட்டுச் சேர்ந்து இட்லிக் கடை போடுவார்கள், முப்பத்தைந்து வயதில் ஒருத்தி பெண் பார்க்க வந்தவனிடம் ஏடாகூடமாக எதையாவது உளறுவாள், கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் ஒரே கூடத்தில் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். யாரும் சாகக் கூடாது. என் ஒரே நிபந்தனை அது.

இந்த வருஷம் மூன்று நாளாக ஒரு நாவலில் பதினான்கு பக்கம் தாண்டவில்லை. கதாநாயகி ராமர் பச்சையில் பஃப் கை வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு வருகிறாள். 80 சென்டிமீட்டர் துணி வாங்கித் தைத்ததாக எழுதியிருக்கிறது. அந்த உயரத்துக்கு, அந்த உடம்புக்கு, 80-ல் பஃப் கை எப்படி வரும்? ஒரு மீட்டர் வேண்டாமா? இப்படி ஒவ்வொரு வரியிலும் முட்டிக்கொண்டு நிற்கிறேன். போன வருஷம் இதே ஆசிரியையின் புத்தகத்தைப் படித்துச் சிரித்த சிரிப்பில் ஹூக் வைக்கிற ஊசியை விரலில் குத்திக்கொண்டவள் நான்.

காரணம் தெரியாமல் இல்லை. தீபாவளி நெருக்கடியில் ஒரு பட்டு ஜாக்கெட்டுக்கு வேறொருத்தருடைய அளவு ஜாக்கெட்டை வைத்து வெட்டிவிட்டேன். பத்து இன்ச் கை, எட்டரையில் நிற்கிறது. அந்த அம்மா வந்து பார்த்தார். மிஷின் மேல் கவிழ்த்து வைத்திருந்த நாவலையும் பார்த்தார். "கதைப் புத்தகம் படிச்சுக்கிட்டே வெட்டினா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சத்தியமாக அன்றைக்கு நான் ஒரு வரி படிக்கவில்லை.

அதிலிருந்து புத்தகத்தைத் திறந்தால் அந்தக் குரல்தான் முதலில் கேட்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் கதாநாயகி பாயசத்தில் உப்பைப் போட்டுவிடுகிறாள், வீடே விழுந்து விழுந்து சிரிக்கிறது. நான் கையை ஒன்றரை இன்ச் குறைத்து வெட்டினேன், ஒருத்தரும் சிரிக்கவில்லையே என்று அவள்மேல் கோபமாக வருகிறது. கதையில் வருகிறவளோடு சண்டை போட்டால் எங்கே உருப்படுவது?

இந்த மாதிரிப் புத்தகங்களை நீங்கள் எப்போது படிப்பீர்கள்? மனசு ஒட்டாதபோது என்ன செய்வீர்கள்?

நெல்மூட்டை, மன்னார்குடி பக்கம்:

அக்கா, நான் ஆம்பளை. சிரிக்காமல் படியுங்கள்.

போன தையில் சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு ஆறு ராத்திரி காவல் இருந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். பகலில் காய வைப்போம், ராத்திரிப் பனி இறங்குவதற்குள் படுதா போட்டு மூடுவோம். அப்புறம் விடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வீட்டிலிருந்து வந்த பையில் போர்வைக்கு நடுவே என் மனைவி படிக்கிற நாவல் ஒன்று தெரியாமல் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். அதில் ஒரு மாமியார் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். நான் சிரித்த சத்தத்தில் பக்கத்துக் குவியல்காரர் படுதாவுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "என்ன மாப்ளே, ரேட்டு ஏத்திட்டானா?" என்றார். ரெண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன்.

சொல்ல வந்தது என்னவென்றால், வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த புத்தகத்தை எடுத்தேன். திண்ணை, காற்று, காப்பி எல்லாம் இருந்தது. பத்து பக்கம் போகவில்லை. சும்மா இருப்பது வேறு, காத்துக் கிடப்பது வேறு. சும்மா இருக்கிறவனுக்கு ஆயிரம் யோசனை வரும். வரிசையில் கிடக்கிறவன் தன் முறை வரும் வரைக்கும் எதையும் மாற்ற முடியாது, அதனால் மனசு தானாகப் புத்தகத்துக்குள் போய்விடும். நீங்கள் கடையில் சும்மா இருக்கிறீர்கள், அதுதான் வினை என்று தோன்றுகிறது.

கமலாலயக்கரைப் பெண், திருவாரூர்:

நெல்மூட்டை அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. வேலைக்காகத் தினமும் தஞ்சாவூர் போய்வருகிறேன். பஸ்ஸில் ஏறினதும் போனில் கதை படிக்கிற பிரதிலிபி ஆப்தான். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டால் ஊரே திட்டும், எனக்கு ஒரு அத்தியாயம் லாபம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதே கதையைத் திறந்தால் கொட்டாவிதான் வருகிறது.

படிக்கவே முடியவில்லை என்றால் யூடியூபில் ஆடியோ நாவல் கேட்டுப் பாருங்கள் அக்கா, ஹூக் வைத்துக்கொண்டே கேட்கலாம்.

மாயவரத்து டீச்சர்:

தையல்காரி, முதலில் அந்த அம்மா சொன்னதைத் தள்ளுங்கள். கதைப் புத்தகம் படித்தால் கைவேலை கெட்டுவிடும் என்று என் மாமனாரும் சொல்வார். லட்சுமி என்ற பெயரில் எழுதிய திரிபுரசுந்தரி ஒரு டாக்டர். ஊசியும் போட்டார், குடும்பக் கதையும் எழுதினார். பொம்பளைகள் மத்தியானம் தூக்கம் வராமல் படிக்கிற சமாச்சாரம் என்று அவர் புத்தகங்களை ஒதுக்கியவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. 1984-ல் "ஒரு காவிரியைப் போல" நாவலுக்கு சாகித்திய அகாதமி பரிசு வந்ததும் அவர்களே இரவல் கேட்டு வந்து நின்றார்கள். நான் கொடுக்கவில்லை.

மற்ற இருவரும் சொன்னதை நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்குக் காத்திருக்கும் இடத்தில் எழுத்தே ஓடாது. மனசு ஒட்டாதபோது நான் புதுப் புத்தகத்தையே தொடுவதில்லை. பாயசத்தில் உப்பு விழப்போகிறது என்று முன்பே தெரிந்த புத்தகத்தைத்தான் எடுப்பேன். எங்கள் அம்மா வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து வைத்து, மைதாப் பசை காய்ச்சி, கோணி ஊசியால் தைத்து பைண்ட் பண்ணுவாள். அதில் ஒரு கதைக்குப் பதினேழாவது வாரம் மட்டும் கிடையாது. யாரோ பஜ்ஜி எண்ணெய் வடிய வைத்துத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பதினாறில் கதாநாயகி கோபித்துக்கொண்டு பஸ் ஏறுவாள், பதினெட்டில் புருஷனுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். நடுவில் என்ன சமாதானம் நடந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நானும் தங்கையும் ஆளுக்கொரு பதினேழாவது வாரம் சொல்லிக்கொள்வோம். நாற்பது வருஷமாகிறது. காய்ச்சலோ கவலையோ வந்தால் இன்றைக்கும் அதைத்தான் எடுப்பேன்.

சரி, அந்த ஜாக்கெட் என்ன ஆயிற்று? அதைச் சொல்லவே இல்லையே. அது முடியாமல் எந்தப் புத்தகமும் ஓடாது என்பது என் அபிப்பிராயம்.

தையல்காரி, கும்பகோணம்:

டீச்சர், நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. அந்த ஜாக்கெட்டை ஒரு பையில் சுருட்டி அதே பீரோவில், அந்த ஏழு நாவலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். புத்தகம் எடுக்கப் போனால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

அன்றைக்கே எடுத்துப் பிரித்தேன். மீதித் துணியில் சரிகைக் கரை கொஞ்சம் இருந்தது. கை ஓரத்தில் ஒன்றரை இன்ச்சுக்கு அதை ஒட்டி, உள்பக்கம் லைனிங் கொடுத்து, கையாலேயே ஹெம்மிங் செய்தேன். முதலில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. அந்த அம்மா போட்டுப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கூலியைக் குறைக்காமல் கொடுத்தார்.

ஆடியோ நாவல் எனக்குச் சரிப்படவில்லை தங்கச்சி. மிஷின் ஓடினால் கதை கேட்கவில்லை, கதை கேட்டால் மிஷின் ஓடவில்லை.

நேற்று அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். டோக்கன் 43, உள்ளே போனது 9. நெல்மூட்டைத் தம்பியை நினைத்துக்கொண்டு அந்த ராமர் பச்சை ஜாக்கெட் நாவலைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பாயசக் கட்டத்தை மறுபடி படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணுக்கு மருந்து விட்டதால் மூடிக்கொண்டிருந்த அம்மா, "என்னடி?" என்றாள். சொன்னேன். அவள் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே படித்தேன். பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு பாட்டி, "அதெப்படிம்மா, உப்பு எது சர்க்கரை எதுன்னு பார்த்தாலே தெரியாதா?" என்று சண்டைக்கு வந்தார். உப்பைப் போட்டது நானில்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

அறுபத்தோராம் பக்கத்தில் 43-ஐக் கூப்பிட்டார்கள். அதற்குள்ளாகவா என்று எரிச்சலாக வந்தது. அம்மாவுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மிச்சத்தை அதற்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அந்த 80 சென்டிமீட்டரைத்தான் இன்னும் ஒப்புக்கொள்ள முடியவில்லை.