வஞ்சிரத்துக்கு எஃகுக் கம்பி லீடர் சரிவருமா?

நண்பர்களே, வணக்கம். கோவளம் கரையிலிருந்து விடியலில் கயாக்கில் போய், மினோ லூரை (சிறு மீன் வடிவச் செயற்கை இரை) பின்னால் இழுத்தபடி துடுப்புப் போடுகிறேன். பாரை நன்றாகக் கடிக்கிறது. வஞ்சிரம்தான் நிற்பதில்லை. ராடு வளையும், ரீல் கத்தும், அப்புறம் லைன் தளர்ந்துவிடும். ரீலைச் சுற்றிப் பார்த்தால், லைனுக்கும் லூருக்கும் நடுவே லீடராகக் கட்டிய 40 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பு பிளேடால் வெட்டியதுபோல அறுந்திருக்கும். வாயில் லூரோடு அந்த மீன் அலையுமே என்பதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எஃகுக் கம்பி கட்டினால், தெளிந்த தண்ணீரில் மீன் ஒதுங்கிவிடுமா? லூரின் ஆட்டம் குறையுமா? எத்தனை அங்குலம் போதும்?

இன்னொன்று. வஞ்சிரத்தைக் கயாக்கில் ஏற்றும்போது அதன் பற்களும் லூரின் மும்முனைக் கொக்கியும் தொடைக்குப் பக்கத்திலேயே துள்ளுகின்றன. ஒற்றைக் கொக்கிக்கு மாறியவர்கள் எந்த அளவு போடுகிறீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.